கரும்பின் தாய்வழிக் கணக்கு

பி.காம். மாணவனுக்குக் கரும்பில் என்ன வேலை என்கிறீர்களா நண்பர்களே? இதுவும் கணக்குதான்!

1912-ல் கோவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அங்கே பார்பரும் வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற இனிப்புக் கரும்பைத் தாயாகவும், காட்டில் வளரும் நாணலைத் தந்தையாகவும் வைத்து உருவாக்கிய 'கோ 205' ரகம் 1918-ல் வெளிவந்தது.

இலையின் பச்சைக்குக் காரணமான பசுங்கணிகத்துக்குத் தனி மரபணுத் தொகுதி உண்டு. கரும்பில் அது தாயிடமிருந்தே வருகிறது.

2004-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஒரு கரும்பு ரகத்தில் அதை முழுதாகப் படித்தார்கள். மொத்தம் 1,41,182 எழுத்துகள். நெல், கோதுமை, மக்காச்சோளத்தோடு ஒப்பிட்டதில் மக்காச்சோளமே நெருங்கிய சொந்தம்!

அந்த ரகம் 'என்கோ 310'. 'என்' என்றால் தென்னாப்பிரிக்காவின் நேட்டால். 'கோ' நம்ம கோயமுத்தூர். இங்கே கலப்பு செய்த விதை அங்கே முளைத்தது.

நாம் இனிஷியலில் அப்பாவை வைக்கிறோம். கரும்பு தன் இலையில் அம்மாவை வைத்திருக்கிறது.