வெண்டுகிற் பாவாடையும் திருவந்திபுரத்து ஆடல் மகளிரும்

ஈக்காட்டுத்தாங்கலை ஒட்டி ஓடும் அடையாறு கடலொடு கலக்குமிடத்தில், தென்கரையில், பிரமஞான சபையின் தலைமையிடம் அமைந்துளது. அச்சபையின் அறுபதாம் ஆண்டு விழாவில், 1935 திசம்பரில், ருக்மிணி தேவி முதன்முறையாகப் பொது அரங்கேறிப் பரதம் ஆடினார். அடுத்த ஆண்டில் கலாக்ஷேத்திரம் தோன்றிற்று. பரதம் என்றவுடன் இன்று நம் கண்முன் தோன்றும், விசிறி மடிப்பொடு கூடிய தைத்த உடை அக்காலத்து ஆக்கமேயாகும். கோயிற் சிற்பங்களை நோக்கி அவர் கருதியதைத் துணியில் வெட்டித் தைத்துதவியவர் மேடம் காசன் என்னும் இத்தாலிய அம்மையார். ருக்மிணி தேவியோ அதற்கு முன்னரே கிளியோ நோர்டி என்பாரிடம் பாலே பயின்றவர். இவ்விரண்டையும் இணைத்து, பரத உடை பாலே உடையின் வழிவந்தது என்று சிலர் எளிதிற் கூறிவிடுவர். தமிழ் ஆடல் மகளிரின் உடையும் பாலே உடையும் எதிரெதிர் நின்றது 1935இல் அன்று; 1838இல், பாரிசு நகரில். அதனை ஆராய்ந்த பின்னரே இக்கூற்றின் வன்மை மென்மைகளை அறிதல் கூடும்.

டூட்டு எனப்படும் பாலேப் பாவாடையின் பிறப்பினை 1832 மார்ச்சு 12ஆம் நாளொடு சார்த்திக் கூறுவது மரபு. அன்று பாரிசு ஆப்பெரா அரங்கில் ‘லா சில்பீடு’ என்னும் கூத்து நிகழ்ந்தது. பிலிப்போ தக்லியோனி ஆடல் அமைத்தார். அவர் மகள் மாரி தக்லியோனி காற்றில் உலவும் அணங்காக ஆடினார். உடையை வகுத்தவர் ஓவியர் எழேன் லாமி என்பர். தோள் திறந்த இறுகிய மேற்சட்டை. இடையினின்று கணைக்கால்வரை மணிபோல் விரியும், மெல்லிய வெண்டுகில் பல அடுக்காகிய பாவாடை. டூட்டு என்னும் பெயர் அப்போது வழங்கவில்லை. அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வழக்கிற்கு வந்தது. கால்விரல் நுனியில் நிற்கும் பெண்ணுக்கு உடலின் பாரம் இல்லை என்று காண்போர் மயங்க வேண்டும். வளிவிளக்கின் ஒளியில் அவள் பனித்திரள்போல் தோன்ற வேண்டும். இதுவே அவ்வுடையின் நோக்கம். பாம்பின் உரிக்கு ஒப்பான ஆடையைப் பொருநராற்றுப்படையிற் கண்ட நமக்கு அத்துணியின் நொய்ம்மை வியப்பன்று. மசுலின் என ஐரோப்பியர் போற்றிய மெல்லிய பருத்தி ஆடையும் இந்தியாவினின்று சென்று அவர் உள்ளங்கவர்ந்ததே. 1830களிலோ அதனை அவர்தம் ஆலைகளே நெய்யத் தொடங்கிவிட்டன.

இவ்வழகிற்கு ஒரு விலையும் இருந்தது. 1862 நவம்பரில், ஒத்திகையின்போது, எம்மா லிவ்ரி என்னும் இளம் ஆடல் நங்கையின் பாவாடை விளக்கிற் பட்டு எரிந்தது. எட்டுத் திங்கள் துன்புற்று அவர் இறந்தார். தீப்பற்றாவண்ணம் மருந்தூட்டிய துணி விறைத்து நிறம் மங்கும் என்று அதனை உடுக்க மறுத்தவர் அவர்.

இனி நம் செய்திக்கு வருவோம். 1830இல் அதே ஆப்பெரா அரங்கில், ஓபேரின் இசையமைப்பில், ‘தெய்வமும் பயதேரும்’ என்னும் பொருளுடைய ஆடலிசை நாடகம் நடந்தது. பயதேர் என்பது, ஆடுபவள் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லினின்று பிரெஞ்சில் திரிந்து, கோயில் ஆடல் மகளைக் குறித்தது. அவ்வேடம் புனைந்தவரும் தக்லியோனியே. உண்மைத் தேவரடியாரைக் காணாமலே பாரிசு மக்கள் ஒரு தேவரடியாளை உள்ளத்தில் வரைந்து வைத்திருந்தனர் என்க.

எட்டாண்டு கழித்து உண்மை மகளிரே வந்தனர். தார்திவெல் என்னும் பிரெஞ்சு வணிகர் புதுச்சேரியில் ஒப்பந்தம் செய்து, ஆடல் மகளிர் ஐவரையும் இசைஞர் சிலரையும் அழைத்துச் சென்றார். 1838 ஆகஸ்டில் அவர்கள் பாரிசின் வரியெத்தே அரங்கில் ஆடினர். பின்னர் இலண்டனிலும் ஆடினர். அவர்தம் ஊரைப் பிரெஞ்சு ஏடுகள் ‘திருவெந்திபுரம்’ என எழுதின. கடலூரை அடுத்த திருவகீந்திரபுரத்தை மக்கள் இன்றும் திருவந்திபுரம் என்றே வழங்குதல் காண்க. இசைஞர் ஒருவர் பெயர் ‘தெவெநெயகோம்’ எனக் காணப்படுகிறது. அவ்வூர் இறைவன் பெயர் தெய்வநாயகன் என்பது வைணவ இலக்கியம் கற்றார் அறிந்ததே.

மகளிர் பெயர்கள் அமனி, திலே, ரம்கூன், சவுந்திரூன், வேதூன் என்று எழுதப்பட்டன. அமனி அம்மணியே, திலே, தில்லையம்மாள் ஆகலாம். ஏனைய மூன்றும் ‘ஊன்’ என முடிதல் நோக்கத்தக்கது. பேச்சுத் தமிழில் ஈற்று மகரம் தேய்ந்து, அதன்முன் நின்ற உயிர் மூக்கொலி பெறுதல் இன்றும் உள்ள வழக்கு. பிரெஞ்சுச் செவி அம்மூக்கொலியையே பற்றி எழுதிற்று எனக் கொள்ளின், அவை ரங்கம், சவுந்தரம், வேதம் எனத் தெளிவாக நிற்கும். பிழையாக எழுதியவரே பேச்சொலியைக் காத்துத் தந்தனர்! வேதம் ஆறு வயதுச் சிறுமி. அம்மணிக்கு அகவை பதினெட்டு.

கவிஞர் தியோபில் கோத்தியே இவர்களைக் கண்டு நாளிதழில் விரிவாக எழுதினார். சிற்பி பார் அம்மணியின் உருவைச் சிறு வெண்கலச் சிலையாக வார்த்தார். ஆடல் மகளிரைக் காட்டும் அந்நூற்றாண்டின் படங்களும் பின்னர் வந்த ஒளிப்படங்களும் உடையின் இயல்பை நன்கு உணர்த்துவன. காற்சட்டையின்மேல் சுற்றிய புடைவை, முன்புறம் கொசுவிய மடிப்பு, இறுகிய கச்சு, இடையில் ஒட்டியாணம், காலிற் சதங்கை. மாதவி பூந்துகிலின்மேல் முப்பத்திரண்டு வடமுடைய முத்துமேகலை அணிந்தாள் என்னும் சிலப்பதிகாரச் செய்தியொடு இதனை ஒப்பிடுக. நிலத்தை மிதித்து ஒலியெழுப்பும் காலுக்கு உரியது இவ்வுடை. மண்ணை மறந்து எழும் காலுக்கு உரியது அவ்வுடை. இரண்டும் பருத்தியும் பெண்ணும் ஆடலும் பற்றியனவாயினும், நோக்கத்தால் முரணியவை.

முரணிய இவற்றுள் ஐரோப்பிய அரங்கு தனதையே கைக்கொண்டது. அம்மணியைக் கண்டு மூன்றாண்டில், 1841இல், கோத்தியே கதை வகுப்பதிற் பங்குகொண்ட ‘ழிசேல்’ கூத்தில் இறந்த கன்னியர் வெண்பாவாடையில் ஆடினர். 1877இல் பெத்திப்பா உருசிய நாட்டில் அமைத்த ‘லா பயதேர்’ கூத்திலோ, கோயில் ஆடல் மகளே இறந்து, நிழலுருவாய், வெண்பாவாடை உடுத்துத் தோன்றுகிறாள். உண்மை மகளிர் வந்து சென்ற சுவடு அவ்வுடையில் இல்லை.

இனி அடையாற்றுக்கு மீள்வோம். கலாக்ஷேத்திர உடையின் விசிறி மடிப்பு பாலேப் பாவாடையினின்று வந்ததன்று. அம்மணி போன்றார் உடுத்த புடைவைக் கொசுவத்தினின்று வந்ததே. மேலை அரங்கு தந்தது தையல் ஒன்றே: சுற்றி உடுத்ததைத் தைத்து நிறுத்தியமை, விரைவில் அணியவும் களையவும் இயன்றமை. இது சிறு மாற்றமன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உடுக்கும் கை அறிந்திருந்த ஒன்றைத் தையற்காரரின் கத்தரி ஏற்றுக்கொண்டது. மேலும் 1947இன் சென்னைச் சட்டம் கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்தது. ஆடும் பழங்குடும்பங்கள் அதற்குள் அரங்கினின்று பெரிதும் விலகிவிட்டன. ஆதலின், பின் வந்த மாணவியர் தைத்த உடையையே தொன்மை என்று கருதலாயினர். ஆய்வாளரும் அவ்வாறு கருதுதல் தகாது.

எல்லாரும் அவ்வுடைக்கு மாறினர் அல்லர். வீணை தனம்மாளின் பேர்த்தியாகிய பாலசரசுவதி புடைவையைச் சுற்றி உடுத்தே ஆடினார். 1963இல் எடின்பரோ விழாவில் ஐரோப்பியர் கண்டது அவரைத்தான். அம்மணி பாரிசில் ஆடி அப்போது நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.