வந்தாரால் வாழ்ந்த ஊர்

"வந்தாரை வாழவைக்கும் ஊர்" என்று சில ஊர்களைப் புகழ்வது வழக்கம். வந்தவர்களே ஊரை வாழவைத்த கதைகளும் உண்டு. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மேய்ன் மாநிலத்திலுள்ள லூயிஸ்டன்-ஆபர்ன் இரட்டை நகரங்களின் வரலாறு அப்படிப்பட்டதுதான்.

ஆண்ட்ரோஸ்காகின் ஆற்றின் கிழக்குக் கரையில் லூயிஸ்டன், மேற்குக் கரையில் ஆபர்ன். இவை அடங்கிய ஆண்ட்ரோஸ்காகின் கவுண்டி முழுவதையும் ஒரு பெருநகரப் பகுதியாக அமெரிக்க அரசு கணக்கிடுகிறது. பெயர்தான் பெருநகரம்! 2020 கணக்கெடுப்பில் அதன் மொத்த மக்கள் தொகையே 1,11,139. அதில் லூயிஸ்டன் 37,121, ஆபர்ன் 24,061.

ஆலைகளும் பிரெஞ்சு மொழியும்

லூயிஸ்டன் அருவியின் நீர்விசையை நம்பி பாஸ்டன் முதலாளிகள் பணம் போட்டனர். ஐரிஷ் கூலிகள் கால்வாய் வெட்டினர். 1850இல் பேட்ஸ் பருத்தி ஆலை உருவானது. ஆபர்னில் காலணித் தொழில் வளர்ந்தது. ஆலைகளுக்கு ஆள் போதவில்லை. அப்போதுதான் கனடாவின் கியூபெக் பகுதியிலிருந்து பிரெஞ்சு பேசும் கத்தோலிக்க விவசாயக் குடும்பங்கள் வரத் தொடங்கின. 1874இல் கிராண்ட் டிரங்க் ரயில் பாதையுடன் இணைப்பு ஏற்பட்டதும் வருகை பெருகியது. 1860இல் 7,424 ஆக இருந்த லூயிஸ்டனின் மக்கள் தொகை 1900இல் 23,761 ஆனது.

ஆற்றோரத்து அடுக்கு வீடுகளில் அவர்கள் வாழ்ந்த பகுதிக்கு 'குட்டி கனடா' என்றே பெயர். 1880இல் 'லெ மெஸாஜே' என்ற பிரெஞ்சுப் பத்திரிகை தொடங்கியது. ஆனால் வரவேற்பு இனிப்பாக இல்லை. பொதுப்பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்று மொழி என்று 1919இல் மேய்ன் சட்டம் போட்டது. அது 1960களில்தான் நீங்கியது. 1920களில் கு கிளக்ஸ் கிளான் இந்தக் கத்தோலிக்கர்களுக்கு எதிராக மாநிலமெங்கும் ஆள் சேர்த்தது. பள்ளியில் பிரெஞ்சு பேசித் தண்டனை பெற்ற பிள்ளைகள், தங்கள் பிள்ளைகளுக்கு அந்த மொழியைக் கற்றுத்தரத் தயங்கினர்.

காலி வீடுகளும் சோமாலியரும்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நெசவுத் தொழில் தெற்கே நகர்ந்தது. பிறகு வெளிநாடுகளுக்கும் போனது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1970இல் 41,779 பேர் இருந்த லூயிஸ்டனில் 2000இல் மிஞ்சியவர்கள் 35,690 பேர். வீடுகள் காலியாகி வாடகை குறைந்தது.

இந்தக் குறைந்த வாடகையும், அமைதியான ஊர் என்ற பெயரும்தான் 2001 பிப்ரவரி முதல் சோமாலிய அகதிகளை இங்கே இழுத்தன. உள்நாட்டுப் போருக்குத் தப்பி, முன்பே அமெரிக்காவின் வேறு நகரங்களில் குடியேறியிருந்தவர்கள் அவர்கள். 2002 அக்டோபரில் மேயர் லாரியே ரேமண்ட், இனி உங்கள் மக்களை வரவேண்டாம் என்று சொல்லுங்கள் என சோமாலியப் பெரியவர்களுக்குக் கடிதம் எழுதினார். நகரம் தாங்கும் எல்லையைத் தொட்டுவிட்டது என்பது அதன் சாரம். 2003 ஜனவரி 11 அன்று வெள்ளை இனவெறிக் குழு ஒன்று இங்கே கூட்டம் போட்டது. அதற்கு வந்தவர்கள் சில டஜன் பேர்தான். அதே நாளில் எதிர்ப்புக் கூட்டத்துக்குத் திரண்டவர்களோ சுமார் 4,000 பேர்!

மேயரின் கவலையில் உண்மையே இல்லை எனச் சொல்லிவிட முடியாது. உதவித்தொகை, ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் என்று செலவு உடனே வந்தது. ஆனால் குடியேறியவர்களால் வரும் வரவு மெதுவாக, பல கைகள் வழியாக வருவது. முதலாண்டுச் செலவை மட்டும் வைத்து லாப நட்டம் பார்க்க முடியாது. லிஸ்பன் தெருவின் பூட்டிய கடைகளில் பல, சோமாலியர் கடைகளாகத் திறந்தன. 2010இல் மக்கள் தொகை 36,592 ஆனது. நாற்பது ஆண்டுகளில் முதல் ஏற்றம். 2015இல் அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைந்த லூயிஸ்டன் உயர்நிலைப் பள்ளி அணி, மாநிலக் கால்பந்துப் பட்டத்தை வென்றது. 2019இல் சஃபியா காலித் நகரசபைக்குத் தேர்வானார்.

வேறு மொழி, வேறு மதம், ஏழ்மை என்று அன்று பிரெஞ்சுக்காரர்மீது சொன்ன குற்றங்களையே பின்னர் சோமாலியர்மீதும் சொன்னார்கள். சொன்னவர்களில் அந்தப் பிரெஞ்சுக்காரர்களின் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதுதான் வேதனை. ஓர் ஊரில் யார் பழையவர், யார் புதியவர் என்பது, எந்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்ததுதானே?