சாயவேரும் சாரனும்: நூலில் ஏறிய நிறத்தின் வரலாறு

சில வருடங்களுக்கு முன் பத்தாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி விரலெல்லாம் நீலமாக வகுப்புக்கு வந்தாள். பேனை மையில் விளையாடியிருக்கிறாள் என்று நினைத்து ஏசிவிட்டேன். "இது மை இல்ல சேர், சாயம். வாப்பாக்கு நூல் முக்கிக் குடுத்தன். ரெண்டு மூணு நாளைக்குப் போகாது" என்றாள். மருதமுனையில் நெசவு செய்கின்ற குடும்பம் அது. அன்றைக்குக் கட்டுரைப் பாடம்; தலைப்பு, முஸ்லிம்களின் வணிகப் பாரம்பரியம். அரபு வணிகர், முத்து, கறுவா, இரத்தினக்கல் எல்லாம் கரும்பலகையில் இருந்தன. அந்தப் பிள்ளையின் வாப்பா மட்டும் அதில் எங்குமே இல்லை.

அந்தக் குறைதான் இக்கட்டுரையை எழுத வைத்தது. பிடவை விற்றவர்களைப் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். கப்பலில் கொண்டுவந்தவர், கடை வைத்தவர், பொட்டணி சுமந்து ஊரூராகப் போனவர் என்று அந்த வரிசை நீளும். நூலுக்குச் சாயம் போட்டவரைப் பற்றி, பாவு ஓடியவரைப் பற்றி, தார் சுற்றிய பெண்களைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. ஆனால் நாம் உடுக்கும் சாரனின் வரலாறு கடையில் தொடங்குவதில்லை. அது சாயப் பானையில் தொடங்குகிறது.

பளையகாட் என்னும் பெயர்

துணிக்கு நிறம் ஊட்ட இரு வழிகள் உண்டு. நெய்து முடித்த துணியில் எழுதலாம், அச்சிடலாம், முக்கி எடுக்கலாம். அல்லது நெய்வதற்கு முன்பே நூலைக் கழிகழியாகச் சாயத்தில் இட்டு, உலர்த்தி, நிறம் நிறமாகத் தறியில் ஏற்றலாம். கட்டம் போட்ட சாரன் இந்த இரண்டாம் வழியில் பிறந்தது. அதனால்தான் அதற்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற பேதமில்லை. சிவப்புப் பாவும் நீல ஊடையும் குறுக்கிடும் இடத்தில் மூன்றாவது நிறம் ஒன்று தானாக எழும். அந்த நிறத்தை யாரும் பானையில் காய்ச்சுவதில்லை.

'பளையகாட் சாரன்' என்று நம் மூத்தவர்கள் சொல்வார்கள். 'பழைய' என்ற சொல்லுக்கும் அதற்கும் உறவில்லை. சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு என்ற துறைமுகத்தின் பெயர்தான் அது. ஒல்லாந்தர் அங்கே 1613இல் கெல்த்ரியாக் கோட்டையைக் கட்டினர். அக்கரையில் சாயமிட்ட நூலால் நெய்த கட்டத் துணிகள் கிழக்கே மலாய்த் தீவுகளுக்கும், மேற்கே ஆபிரிக்காவுக்கும் போயின. அவற்றுள் ஒன்று 'மதராஸ் கைக்குட்டை'. ஏறக்குறைய 36 அங்குலச் சதுரம். எட்டுச் சதுரங்கள் ஒரே துண்டாக நெய்யப்படும். நைஜீரியாக் கரையில் வாழும் கலபாரி மக்கள் அதைத் தம் சடங்குகளுக்கு உரிய துணியாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

சோழமண்டலக் கரை முஸ்லிம்களான மரைக்காயர்கள் இந்த வாணிபத்தில் முன்னின்றவர்கள். ஆனால் அங்கே தறியில் இருந்தவர்கள் பெரும்பாலும் கைக்கோளர், தேவாங்கர் முதலான நெசவுச் சாதியினர். இந்த வேறுபாட்டை நாம் மறைக்கக் கூடாது. அதை ஒத்துக்கொண்டால்தான் மருதமுனையின் சிறப்பும் விளங்கும். இங்கே தறியில் இருப்பவரும் நம்மவரே.

மன்னார் மண்ணின் சிவப்பு

அந்தத் துணிகளின் சிவப்பு எங்கிருந்து வந்தது? அதில் ஒரு பங்கு நம் நாட்டு மண்ணிலிருந்து போனது. சாயவேர் என்பது கடலோர மணலில் படரும் ஒரு சிறு செடி. செடியைப் பார்த்தால் ஒன்றுமில்லை; நிறம் முழுவதும் வேரின் பட்டையில் இருக்கிறது. மன்னாரிலும் யாழ்ப்பாணத் தீவுகளிலும் இந்த வேரைக் கிண்டி எடுப்பதையே தொழிலாகக் கொண்ட மக்கள் இருந்தார்கள். 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்த ஒல்லாந்தர் சாயவேரைத் தம் கையில் வைத்துக்கொண்டார்கள். 1697இல் யாழ்ப்பாணத்துக் கொமாண்டராக இருந்த ஹென்றிக் ஸ்வார்தெக்ரோன் எழுதிவைத்த நீண்ட நிருவாகக் குறிப்பிலும் சாயவேருக்கு இடமுண்டு. வேர் கிண்டியவர்கள் அரசாங்க ஏட்டில் ஏறியதற்குக் காரணம் அவர்களால் வந்த வருமானம். அவர்கள் என்ன அறிந்திருந்தார்கள் என்பதை அந்த ஏடுகள் கேட்கவில்லை.

அவர்களும் சாயக்காரரும் அறிந்திருந்தது கொஞ்சமல்ல. பருத்தி நூல் சிவப்பை இலகுவில் ஏற்காது. முதலில் கடுக்காய்ச் சாற்றில் நனைக்க வேண்டும், பிறகு படிகாரம். படிகாரம்தான் நிறத்தை நூலோடு பிடித்து வைப்பது. அதற்குப் பிறகே வேரோடு சேர்த்துக் காய்ச்சுவார்கள். சிப்பி கலந்த மணலில் விளைந்த வேர் நல்ல சிவப்புத் தரும் என்பது அவர்கள் கண்ட உண்மை. சுண்ணாம்புச் சத்து அந்தச் சிவப்பைத் துலக்குகிறது என்று பின்னாளில் இரசாயனமும் சொன்னது. நீலத்தின் வழி வேறு. அவுரித் தொட்டியிலிருந்து எடுக்கும்போது நூல் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் படப்பட, கண்ணுக்கு முன்னாலேயே நீலமாகும்.

ஆந்திரக் கரையில் சீராலாவில் 'தேலியா ரூமால்' என்றொரு சதுரத் துணி நெய்தார்கள். தேலியா என்றால் எண்ணெய் சேர்ந்தது. நூலை எண்ணெயிலும் சாம்பல் நீரிலும் நாட்கணக்கில் மாறி மாறி ஊற வைத்து, இடையிடையே கட்டுப்போட்டு, அதன் பிறகு சிவப்பு ஏற்றுவார்கள். துணியில் எண்ணெய் வாசம் இலேசில் போகாது. அரபு நாடுகளில் அதைத் தலைத்துண்டாகக் கட்டினார்கள். கையால் சாயமிட்ட நூல் முஸ்லிம் உலகின் தலைவரை ஏறியதற்கு இது ஓர் உதாரணம்.

பைக்கற்றில் வந்த நிறம்

1868இல் கிரேபே, லீபர்மான் என்ற இரு ஜேர்மன் இரசாயனவியலாளர்கள் அலிசரின் என்னும் சிவப்பை ஆய்வுகூடத்தில் ஆக்கினார்கள். சாயவேரில் உள்ள சிவப்பும் அதுவே. சில வருடங்களுக்குள் தொழிற்சாலைச் சிவப்பு மலிவாகச் சந்தைக்கு வந்தது. 1897இல் செயற்கை நீலமும் வியாபாரத்துக்கு வந்தது. கடற்கரை மணலில் கிடந்த அறிவு ஐரோப்பியத் தொழிற்சாலைகளுக்குக் கைமாறியது இப்படித்தான். வேர் கிண்டும் வேலை கடும் உழைப்பு; அது ஒழிந்ததற்காக நான் அழ மாட்டேன். ஆனால் நிறம் வெளியிலிருந்து வாங்கும் பொருளான நாளிலிருந்து நெசவாளியின் கழுத்துக் கயிறு வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

மருதமுனையின் பிற்கால வரலாற்றில் இதைத் தெளிவாகக் காணலாம். 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது உள்நாட்டுத் துணிக்குக் கிராக்கி இருந்தது; தறிகள் ஓய்வின்றி ஓடின. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டு மலிவுத் துணி கடைகளை நிறைத்தது. நாடெங்கும் கைத்தறிகள் நின்றன. பிறகு யுத்தம் பாதைகளை மறித்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து உயிர்களோடு தறிகளையும் நூலையும் அள்ளிக்கொண்டு போனது. 2022இல் டொலர் தட்டுப்பட்டபோது, இறக்குமதியாகும் நூலும் சாயமும் எட்டாத விலைக்கு ஏறின. இத்தனைக்குப் பிறகும் அந்த ஊரில் தறிச் சத்தம் கேட்கிறது என்றால், அல்ஹம்துலில்லாஹ், அது சாமானியக் காரியமல்ல.

இன்று விசைத்தறிச் சாரனும் சாயமிட்ட நூலால் நெய்யப்பட்டு வருகிறது. கட்டத்தைப் பார்த்து மட்டும் கைத்தறியைப் பிரித்தறிய முடியாது. பிறகு எதை வைத்து நம் பிள்ளைகளுக்கு இதன் பெறுமதியைச் சொல்வது? செய்தவர்களின் அறிவை எழுதி வைத்தால்தான் சொல்லலாம். எந்த நிறத்துக்கு எந்த அளவு, எவ்வளவு நேரம், எந்தக் கிணற்றுத் தண்ணீர் உதவும், எந்தக் கட்டத்துக்கு என்ன பெயர், தார் சுற்றிய உம்மாமாருக்கு என்ன கூலி கிடைத்தது, கழிவுச் சாயத் தண்ணீர் எங்கே போனது? இவை எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. வயது போனவர்களின் வாயில் இருக்கின்றன. ஒவ்வொரு ஜனாஸாவோடும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குப் போகின்றன.

ஏசியதற்கு ஈடாக அந்தப் பிள்ளையிடம் ஒரு வேலை கொடுத்தேன். வாப்பாவிடம் கேட்டு, நூல் முக்கும் முறையை எழுதி வரச் சொன்னேன். கொப்பித் தாளில் ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தாள். கோஸ்டிக் சோடா, சூட்டுத் தண்ணீர், நிழலில் உலர்த்துவது எல்லாம் ஒழுங்காக இருந்தன. சாயத்தின் அளவு எழுத வேண்டிய இடத்தில் மட்டும், "தண்ணிட நிறத்தப் பாத்துத்தான் போடுறண்டு வாப்பா சொல்றாரு" என்று இருந்தது.

பரீட்சை முறைப்படி அந்த விடைக்குப் புள்ளி இல்லை. நான் அதன் கீழே கோடு மட்டும் போட்டேன். அடுத்த கிழமை அவளோடு வீட்டுக்குப் போய், அந்தத் தண்ணீரின் நிறம் எது என்று அவளுடைய வாப்பாவிடமே கேட்டேன். "நாளைக்கு வெள்ளன வாங்க சேர், சொல்லி விளங்காது, காட்டுறன்" என்றார்.