உடன் வந்தவரின் சொல்: மனநலச் சிகிச்சையும் மாற்றுத்திறனாளர் உரிமையும்

தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கை கால் செயலிழந்தவர். பின்னாளில் அவருடன் பொறுப்பேற்ற எஸ். சங்கரராமன் தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர். மாற்றுத்திறனாளி தன் காரியத்தைத் தானே தீர்மானிக்க வல்லவர் என்பதற்குச் செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் வேறு சான்று தேவையில்லை.

ஆனால் மனநோய் என்று வந்துவிட்டால் இதே ஊர்கள் வேறு கணக்குப் போடுகின்றன. குற்றால அருவியில் தலையைக் காட்டினால் சித்தம் தெளியும் என்பது பழைய நம்பிக்கை. அருவியோடு எனக்கு வழக்கில்லை. கைப்பிடியாக அழைத்து வரப்படுபவரிடம் யாரும் விருப்பம் கேட்பதில்லை என்பதுதான் வழக்கு. மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவிலும் இதுவே நடக்கிறது. “தூங்குறாரா? மாத்திரை ஒழுங்கா போடுறாரா?” என்று உடன் வந்த அண்ணனிடம் கேட்கிறார்கள், நோயாளி பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். அதன்பின் சங்கிலி பெருவிவாதமாயிற்று. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு அதை அறவே தடை செய்தது. எனினும் அச்சட்டத்தின் உயிர் 4ஆம் பிரிவில் இருக்கிறது என்பேன். ஒருவரது முடிவு பிறருக்குத் தவறாகத் தோன்றுகிறது என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்றாகிவிடாது என்கிறது அது. அண்ணன்மார் படிக்க வேண்டிய வரி.

நோய் முற்றிய நிலையில் சிகிச்சையே வேண்டாம் என்பவரை என்ன செய்வது? எளிதில் தள்ளக்கூடிய கேள்வியன்று. அதே சட்டத்தின் 89ஆம் பிரிவு, கடுமையான நிபந்தனைகளோடு, அவரது ஒப்புதலின்றியும் 30 நாள் வரை உள்நோயாளியாகச் சேர்க்க இடம் தருகிறது. இந்தியா 2007இல் ஏற்ற ஐ.நா. மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பு அனைவருக்கும் சமமான சட்டத் தகுதியை வழங்குகிறது. பிறர் நமக்காக முடிவெடுப்பதை விலக்கி, நாம் முடிவெடுக்கத் துணைநிற்கும் முறைக்கு மாற வேண்டும் என்று அதன் கண்காணிப்புக் குழு 2014இல் விளக்கியது. 89ஆம் பிரிவும் இந்த விளக்கமும் முழுமையாகப் பொருந்தவில்லை. 89ஐ உடனே நீக்கக் கோருவோருடன் எனக்கு உடன்பாடில்லை. மாற்று ஏற்பாடு இல்லாமல் நீக்கினால் வீட்டுக் கொட்டடிக்குத்தான் வழி திறக்கும். ஆனால் அப்பிரிவுக்கு வேலை குறையச் செய்யலாம். தெளிந்திருக்கும் காலத்திலேயே, எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டி எழுதிவைக்க 5ஆம் பிரிவு உரிமை தருகிறது. தமக்காகப் பேச வேண்டியவரைத் தாமே குறிக்க 14ஆம் பிரிவு வழிசெய்கிறது. அவர் உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள் முதல் நாளே புறநோயாளிச் சீட்டில் அந்தப் பெயரைக் கேட்டு எழுத வேண்டும். நியமனத்துக்குச் சட்டம் கேட்பது வெள்ளைத் தாளும், நோயாளியின் கையொப்பமோ கைநாட்டோ, நியமிக்கப்படுபவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும்தான்.