பலகையில் இல்லாத புள்ளிகள்

என் பேத்தி ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து காபி குடித்த கையோடு லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதோ படிக்கிறாள். "என்ன கண்ணு, இன்னும் பரீட்சையா?" என்று கேட்டேன்.

"டேஷ்போர்டு டிசைன் கத்துக்கறேன் தாத்தா. ஆர்டர், ஸ்டாக், வரவேண்டிய பாக்கி எல்லாத்தையும் ஒரே திரையில படமாக் காட்டணும். முதலாளி பார்த்தவுடனே முடிவெடுக்கணும். உங்க பேங்க்ல எல்லாம் இது இருந்துச்சா?"

இருந்தது. கம்ப்யூட்டர் இல்லை, அவ்வளவுதான். கிராஃப் தாள், அடிக்கோல், நான்கு நிற ஸ்கெட்ச் பேனா. மேனேஜர் அறைச் சுவரில் டெபாசிட் ஒரு படம், கடன் ஒரு படம், வசூல் ஒரு படம். மாதக் கடைசியில் அவற்றைப் போடுவது என் வேலை. அப்படி நான் போட்ட ஒரு படத்தால் ஒரு ஊருக்கே ஒரு போகம் கடன் கிடைக்காமல் போனது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன், எண்களைப் படமாக்கி முடிவெடுக்கும் இந்த வழக்கம் எப்படி வந்தது என்று பார்ப்போம். ஓய்வுபெற்ற பிறகு இதைப்பற்றிக் கொஞ்சம் தேடித் தேடிப் படித்தேன்.

'டேஷ்போர்டு' என்ற சொல்லே குதிரை வண்டிக் காலத்தது. குதிரையின் குளம்பு வாரி அடிக்கும் சேறு வண்டிக்காரர் மேல் படாமல் இருக்க வண்டியின் முன்னால் ஒரு பலகை அடித்திருப்பார்கள். அதற்குத்தான் அந்தப் பெயர். மோட்டார் கார் வந்ததும் குதிரை போய்விட்டது, பலகையும் பெயரும் மட்டும் நின்றன. வேகம் காட்டும் முள்ளும் எண்ணெய் அளவு காட்டும் முள்ளும் அதில் வந்து உட்கார்ந்தன. கம்பெனி நடத்துகிறவர்களும் அப்படி ஒரு பலகை வேண்டும் என்று விரும்பியபோது அதே பெயர் திரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் எண்ணைப் படமாக்குவது அதற்கெல்லாம் முந்தியது. வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1786-இல் லண்டனில் ஒரு புத்தகம் போட்டார். நீராவி இயந்திரப் புகழ் ஜேம்ஸ் வாட்டிடம் வரைபடம் போடும் வேலை பார்த்தவர் இவர். இங்கிலாந்து எந்தெந்த நாட்டோடு எவ்வளவு ஏற்றுமதி, இறக்குமதி செய்தது என்பதை ஆண்டு வாரியாகக் கோடுகளாக வரைந்து காட்டினார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் ஒரே ஒரு ஆண்டின் கணக்குத்தான் கிடைத்தது. ஒரு ஆண்டை வைத்துக் கோடு இழுக்க முடியாதே! அதனால் நாட்டுக்கு நாடு பட்டை பட்டையாக வரைந்தார். நாம் இன்று 'பார் சார்ட்' என்று சொல்வது அப்படி வந்தது. வட்டத்தைத் துண்டு போட்டுக் காட்டும் 'பை சார்ட்'டும் 1801-இல் அவர் கொடுத்ததுதான்.

இந்தப் படங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு அவர் சொன்ன விளக்கம் நம்மைப் போன்ற பேங்க்காரர்களுக்கு உடனே விளங்கும். ஒரு வியாபாரி தினமும் வசூலான காசை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நாளுக்கு ஒரு அடுக்காக வரிசையில் வைத்தால், எந்த நாள் நல்ல வியாபாரம் என்று எண்ணிப் பார்க்காமலே தெரிந்துவிடும். அதையே தாளில் செய்கிறேன் என்றார்.

பிளேஃபேர் காட்டியது வியாபாரம். அடுத்த தலைமுறைகளில் இதே படம் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வந்தது. 1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டன் சோஹோ பகுதியில் காலரா கண்டது. சில வாரங்களில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று டாக்டர்களே நம்பிய காலம். தண்ணீரால் வருகிறது என்றார் ஜான் ஸ்நோ. பிராட் தெருவில் இருந்த கைப்பம்பைச் சுட்டிக்காட்டினார். செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள்.

வரைபடத்தைப் பார்த்துத்தான் கைப்பிடியைக் கழற்றினார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. படம் பின்னால் வரையப்பட்டது. நோயும் அதற்குள் தணிய ஆரம்பித்திருந்தது. ஸ்நோவிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. செத்தவர்கள் எங்கே இருந்தார்கள் என்று மட்டும் அவர் தேடவில்லை, சாகாதவர்கள் ஏன் சாகவில்லை என்றும் தேடினார். அந்தப் பம்புக்குப் பக்கத்திலேயே ஏழைகள் தங்கும் ஒரு விடுதி இருந்தது. அங்கிருந்த 535 பேரில் 5 பேர்தான் இறந்தார்கள். விடுதிக்குள் சொந்தக் கிணறு இருந்தது. அதே தெருவில் ஒரு பீர் தொழிற்சாலையில் 70 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள், அவர்களில் ஒருவரும் காலராவில் இறக்கவில்லை. அவர்கள் அந்தப் பம்புத் தண்ணீரைத் தொடுவதே இல்லை. கெட்ட காற்றுதான் காரணம் என்றால் அதே காற்றை இவர்களும்தானே சுவாசித்தார்கள்? இறந்தவர்களின் கணக்கு மட்டும் கையில் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

அதே ஆண்டு நவம்பரில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் கிரிமியப் போரில் அடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கவனிக்கத் துருக்கிக்குப் போய்ச் சேர்ந்தார். விளக்கேந்திய சீமாட்டி என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். விளக்கைச் சொல்லிக் கொடுத்த அளவுக்கு அவருடைய கணக்கை யாரும் நமக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. 1855 ஜனவரி ஒரு மாதத்தில் மட்டும் காயத்தால் இறந்தவர்கள் 83 பேர். தடுத்திருக்கக்கூடிய தொற்று நோய்களால் இறந்தவர்கள் 2,761 பேர். போர் முடிந்து ஊர் திரும்பியதும் இதைப் படமாகப் போட்டார். மாதத்துக்கு ஒரு விசிறி இதழ். நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு. எந்த மந்திரி பார்த்தாலும் நீலம்தான் முதலில் கண்ணில் படும்.

அவர் அதோடு நிற்கவில்லை. போர் என்றால் சாவு இருக்கத்தான் செய்யும் என்று சொல்லித் தப்பிப்பார்கள் என்று தெரிந்து, அமைதிக் காலத்தில் இங்கிலாந்துப் பாளையங்களில் இருக்கும் சிப்பாய்களின் கணக்கையும் எடுத்தார். ஆயிரத்துக்கு 17, 19, 20 என்று படைப் பிரிவுக்குத் தகுந்தபடி சாவு. வெளியே சாதாரண ஆண்களில் ஆயிரத்துக்கு 11. பக்கத்தில் அந்த 11 நிற்காவிட்டால் 17 என்பது வெறும் எண். நின்றவுடன் அது குற்றச்சாட்டு ஆகிவிட்டது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் சுகாதாரத்தைப் பற்றி விசாரிக்க 1859-இல் ஒரு ராயல் கமிஷன் அமைக்கப்பட்டது. இந்திய ராணுவ முகாம்களுக்கு எல்லாம் கேள்விப் படிவம் அனுப்பி, வந்த பதில்களை உட்கார்ந்து அலசியவர் நைட்டிங்கேல். இந்தியாவுக்கு அவர் ஒரு தடவைகூட வந்ததில்லை. 1863-இல் வந்த அறிக்கையில் சாவு ஆயிரத்துக்கு 69 என்று இருந்தது. வடிகால், குடிதண்ணீர், பாளையக் கட்டடங்கள் எல்லாம் சீர்செய்யப்பட்டு, பத்து வருடம் கழித்து அது 18 ஆனது. இத்தனையும் 'ஆயிரத்துக்கு எத்தனை' என்று கேட்டதால் வந்தது. மொத்தம் எத்தனை பேரில் என்று கேட்காமல் எத்தனை பேர் செத்தார்கள் என்று மட்டும் பார்த்திருந்தால், பெரிய முகாமெல்லாம் மோசம், சின்ன முகாமெல்லாம் நல்லது என்றுதான் தெரிந்திருக்கும்.

இந்தப் பாடத்தை எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று நினைக்கிறோம். 1986 ஜனவரி 28 நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73-ஆவது விநாடியில் சிதறியது. ஒரு பள்ளி ஆசிரியை உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அந்தப் புகையின் படத்தை மறுநாள் பேப்பரில் பார்த்தது எனக்கு மறக்கவில்லை.

அதற்கு முதல் நாள் ராத்திரி நடந்ததைப் பின்னால்தான் உலகம் அறிந்தது. விண்கலத்தின் இரு பக்கமும் இருக்கும் ராக்கெட்டுகள் பல துண்டுகளாகச் செய்து பூட்டப்பட்டவை. பூட்டுகிற இடத்தில் சூடான வாயு கசியாமல் இருக்க ரப்பர் வளையம். குளிரில் ரப்பர் விறைத்துவிடும் என்பது நம் வீட்டுக் குக்கர் கேஸ்கட்டை வைத்தே ஊகிக்கக்கூடியது. மறுநாள் காலை தண்ணீர் உறையும் குளிர் இருக்கும் என்று வானிலைச் செய்தி வந்தது. ராக்கெட் செய்த மார்ட்டன் தயோக்கால் கம்பெனியின் எஞ்சினியர்கள் 'ஏவ வேண்டாம்' என்றார்கள். 13 தாள்களை ஃபேக்ஸில் அனுப்பி, டெலிபோனில் மணிக்கணக்காக நாசாவோடு வாதாடினார்கள்.

அதுவரை ஏவியதில் மிகக் குளிரான நாள் 53 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸ். அன்றைக்கு வளையத்துக்குப் பலத்த சேதம். ஆனால் 75 டிகிரி, அதாவது நல்ல வெயில் நாளிலும் ஒரு தடவை வாயு கசிந்திருந்தது. குளிரிலும் சேதம், வெயிலிலும் சேதம் என்றால் குளிர்தான் காரணம் என்று எப்படிச் சொல்வீர்கள் என்று எதிர்க்கேள்வி வந்தது. எஞ்சினியர்களிடம் மனத்தில் பதில் இருந்தது, தாளில் இல்லை. கடைசியில் கம்பெனி நிர்வாகிகள் தங்கள் எஞ்சினியர்களின் பேச்சைத் தள்ளிவிட்டு 'ஏவலாம்' என்று கையெழுத்துப் போட்டார்கள்.

பின்னால் அமைந்த ரோஜர்ஸ் கமிஷன் தன் அறிக்கையில் இரண்டு படங்களைப் போட்டது. முதல் படத்தில் சேதம் நடந்த ஏவுதல்கள் மட்டும். புள்ளிகள் இங்கும் அங்குமாகச் சிதறிக் கிடக்கின்றன, ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது படத்தில் சேதம் நடக்காத ஏவுதல்களையும் சேர்த்தார்கள். கதை மாறிவிட்டது. 66 டிகிரியும் அதற்கு மேலும் ஏவிய 20 தடவைகளில் 3 தடவைதான் சேதம். 63 டிகிரியும் அதற்குக் கீழும் ஏவிய 4 தடவைகளிலும் சேதம், ஒன்றுகூடத் தப்பவில்லை. சேலஞ்சர் கிளம்பிய காலையில் வெப்பம் 36 டிகிரி, அதாவது சுமார் 2 டிகிரி செல்சியஸ்.

அந்த எஞ்சினியர்களைக் குறை சொல்ல நான் யார்? வேண்டாம் என்று மன்றாடியவர்கள் அவர்கள்தான். சில மணி நேரத்தில் தாள்களைத் திரட்டினார்கள். இரண்டாவது படம் கையில் இருந்திருந்தாலும் மேலிடம் கேட்டிருக்குமா என்பது வேறு விஷயம். ஆனால் ஒன்று நிச்சயம். ஒன்றும் நடக்காத நாட்களைப் பற்றி யாரும் தாள் தயாரிப்பதில்லை. நமக்குப் பிரச்சினை வந்தால்தான் ஃபைல் திறப்போம். அதனால் நம் படங்களில் பாதிப் புள்ளிகள் ஆரம்பத்திலேயே காணாமல் போய்விடுகின்றன.

இப்போது என் கதை. 1980-களில் கோபி பக்கம் ஒரு கிராமக் கிளையில் நான் ஃபீல்டு ஆபீசர். பயிர்க்கடன், பம்ப்செட் கடன் எல்லாம் என் பொறுப்பு. பாக்கி ஏறிக்கொண்டே போகிறது, எந்தெந்த ஊரில் எத்தனை பேர் பாக்கி என்று படம் போட்டு வை என்றார் மேனேஜர். ஊருக்கு ஒரு பட்டையாகச் சிவப்பு ஸ்கெட்ச்சில் போட்டேன். ஒரு ஊரின் பட்டை மற்ற எல்லாவற்றையும்விட உயரம். மேலிருந்து வந்த அதிகாரி சுவரைப் பார்த்தார், ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. "அந்த ஊருக்கு இந்தப் போகம் புதுக் கடன் வேண்டாம்" என்றார். பார்த்தவுடனே முடிவு! என் படத்துக்கு அதைவிடப் பாராட்டு என்ன வேண்டும் என்று அன்றைக்கு எனக்குப் பெருமைதான்.

அந்த ஊர்க்காரர் ஒரு பெரியவர், ஒரு தவணைகூடத் தவறாதவர், கிளைக்கு வந்தார். "ஏனுங்க சார், நாங்க என்னங்க தப்புப் பண்ணிட்டோம்?" என்றார். மேலிடத்து உத்தரவு என்றேன். வேறொன்றும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்த வருடம் வீட்டு நகையை வட்டிக்கடையில் வைத்துத்தான் மஞ்சள் நட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த வருடம் புது மேனேஜர் வந்தார். சுவரைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "இந்த ஊர்ல மொத்தம் எத்தனை பேருக்குக் கடன் கொடுத்திருக்கோம்?" லெட்ஜரைப் புரட்டினேன். அந்த ஊரில் 140 பேருக்குக் கொடுத்து 22 பேர் பாக்கி. நான் சின்னப் பட்டையாகப் போட்டிருந்த பக்கத்து ஊரில் 30 பேருக்குக் கொடுத்து 9 பேர் பாக்கி. எங்கள் கிளையிலேயே ஒழுங்காகக் கட்டும் ஊர்களில் ஒன்றைத்தான் நான் சிவப்பில் உயர்த்தி நிறுத்தியிருந்தேன். கட்டியவர்கள் 118 பேருக்கு என் படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. பொய்யான எண் எதையும் நான் எழுதவில்லை. 22 என்பது சரியான எண்தான்.

கடனைத் திரும்பத் திறந்துவிட்டோம். பெரியவரிடம் போய்ச் சொன்னேன். "சரிங்க" என்றார், மோர் கொடுத்தார். நகை மீண்டதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இதையெல்லாம் பேத்தியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். எந்தெந்தத் தையல் யூனிட்டிலிருந்து எத்தனை துணி திரும்பி வந்தது என்று பட்டை பட்டையாக ஒரு படம், அழகான நிறத்தில். ஒரு பட்டை மட்டும் உயரமாக இருந்தது.

"இந்த யூனிட்டு மொத்தம் எத்தனை பீஸ் தைக்குது, கண்ணு?" என்றேன்.

"நாளைக்குக் கேட்டுட்டு வர்றேன் தாத்தா" என்று மூடி வைத்தாள்.