தமிழ் வலைப்பதிவின் தோற்றமும் வளர்ச்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

வேந்தர் பொறித்த கல்வெட்டுக்கள், புலவர் பாடிய செய்யுட்கள், ஆட்சியாளர் எழுதிவைத்த அறிக்கைகள் ஆகியன தமிழர் வரலாற்றுக்குச் சான்றுகளாக உள்ளன. ஆயின், சாதாரண மனிதர் தம் அன்றாட வாழ்வைத் தாமே உரைநடையில் எழுதிவைத்த சான்றுகள் மிகச் சிலவே. அவற்றுள் தலையாயது புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியாளரிடம் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு. 1736 முதல் 1761 வரை மரக்கலங்களின் வரவையும், வாணிக நிலையையும், ஊரில் உலாவிய பேச்சையும் அவர் குறித்துவைத்தார். எனினும் அக்குறிப்புக்கள் அவர் காலத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தனவல்ல. 1846 இலேயே அவை அறிஞர் கவனத்துக்கு வந்தன. எழுதியவரும் வாசிப்பவரும் ஒரே காலத்திற் சந்திக்கும் வாய்ப்பு நாட்குறிப்புக்கு அன்று இருக்கவில்லை.

அவ்வாய்ப்பை வழங்கிய வடிவமே வலைப்பதிவு. தனியொருவர் தம் தொழில், ஐயம், பயணம், வேடிக்கை ஆகியவற்றை நாள் குறித்து இணையத்தில் எழுத, புதியது மேலும் பழையது கீழுமாக அவை அடுக்கப்படுகின்றன. வாசகர் உடனுக்குடன் பின்னூட்டம் இடுகின்றனர். இதற்குரிய ஆங்கிலப் பெயரை 1997 இல் அமெரிக்கரான ஜோர்ன் பார்கர் வழங்கினார். 1999 இல் பைரா லாப்ஸ் நிறுவனம் தொடங்கிய 'பிளாக்கர்' சேவையினால், கணினி நிரல் அறியாதாரும் கட்டணமின்றிப் பதிப்பாளராகும் நிலை உருவாயிற்று.

ஆங்கிலத்தில் இது விரைந்து பரவியபோது தமிழில் உடனடியாக வேர்கொள்ளவில்லை. இதற்குக் காரணம் எழுத்துச் சிக்கல் ஆகும். அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்களுக்குரிய குறியெண்களில் தமிழ் வடிவங்கள் ஏற்றப்பட்டிருந்தன. ஒவ்வோர் எழுத்துருவும் வெவ்வேறு ஒழுங்கைக் கொண்டிருந்தது. இலங்கையிற் பெருவழக்கான 'பாமினி'யில் எழுதிய கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றியது.

இந்நிலை நமது கரையோரத்துக்கு முற்றிலும் புதியதன்று. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் வாழும் முஸ்லிம்களும், அவர்க்கு அயலிலே காரைதீவு, ஆலையடிவேம்பு ஆகிய ஊர்களில் வாழும் தமிழரும் ஒரே மொழியைப் பேசுகின்றனர். ஆயினும் இலங்கையிலும் தமிழகத்திலும் முஸ்லிம்களிடையே வழங்கிய அறபுத் தமிழில், தமிழ் மொழி அறபு எழுத்தில் எழுதப்பட்டது. வாய்விட்டு வாசித்தால் அயலவர்க்கு விளங்கக்கூடிய மொழி, ஏட்டிற் கண்டால் விளங்காததாயிற்று. அறபுத் தமிழுக்கு ஒரு மரபும் இலக்கிய வளமும் உண்டு. எழுத்துருக் குழப்பத்துக்கோ அத்தகைய பண்பாட்டு அடிப்படை எதுவும் இல்லை. ஆயின், பொது எழுத்து இன்றிப் பொது வாசகர் இல்லை என்னும் உண்மையை இரண்டும் ஒருங்கே உணர்த்துகின்றன.

இக்குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சிகள் பல திசைகளில் நிகழ்ந்தன. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 முதல் 'முரசு' மென்பொருளை வளர்த்தார். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையடுத்து விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் தரங்கள் வகுக்கப்பட்டன. 1991 இல் வெளியான ஒருங்குறித் தரத்திலேயே தமிழுக்கு இடம் இருந்தபோதிலும், விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியன வந்த பின்னரே அது பொதுமக்கள் கணினிகளிற் பயன்படலாயிற்று. ஜெர்மனியில் வாழ்ந்த ஈழத்தவரான சுரதா யாழ்வாணனின் 'பொங்குதமிழ்' போன்ற எழுத்துரு மாற்றிகள் பழைய எழுத்தைப் புதிய குறியீட்டுக்குக் கடத்தும் தோணிகளாயின. ஊதியம் கருதாது ஆர்வலர் பலர் ஆற்றிய உழைப்பு இது.

2003 இல் தமிழ் வலைப்பதிவுகள் தோன்றலாயின. 2004 ஓகஸ்டில் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' என்னும் திரட்டி, சிதறிக்கிடந்த பதிவுகளை ஒரே முற்றத்திற் கூட்டியது. கணினித் துறையினரும் புலம்பெயர்ந்தோரும் தொடக்கப் பதிவரிற் கணிசமானோர். ஆதலால் எழுத்துருவை நிறுவும் முறை, மென்பொருட் சிக்கல், அலுவலக அனுபவம் ஆகியன முதலிற் பேசப்பட்டன. நாளடைவில் ஊர்ச் சமையல், பிள்ளைப்பருவ விளையாட்டு, வட்டார வழக்கு எனப் பொருள் விரிந்தது. பத்திரிகை ஆசிரியரின் தெரிவுக்குக் காத்திராத உரைநடை அது. பிழைகளும் சச்சரவுகளும் அதில் மலிந்திருந்தன. எனினும் பேச்சுத் தமிழின் உயிர்ப்பு அதில் இருந்தது.

தமிழ்மணம் தோன்றி நான்கு மாதங்களில், 2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தது. இலங்கையில் மிகுந்த உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டமே. இங்கு 10,000 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். தென்னாசியப் பதிவர்கள் அன்றே ஒரு கூட்டுப் பதிவைத் தொடங்கி உதவித் தகவல்களைத் திரட்டினர். ஆயின், வீடும் மின்சாரமும் இழந்து நின்ற மருதமுனை, கல்முனை மக்கள் அந்நாட்களிற் பிறரால் எழுதப்பட்டனரேயன்றித் தாம் எழுதும் நிலையில் இருக்கவில்லை. புதிய ஊடகம் வாயிலை எல்லோர்க்கும் திறந்ததெனினும், வாயில்வரை வரும் பாதை எல்லோர்க்கும் ஒன்றாக இருக்கவில்லை என்பதை வரலாற்று மாணவர் மறத்தல் ஆகாது.

பின்னர் முகநூல் முதலிய தளங்கள் பெருகவே, பதிவர் பலர் அங்கு பெயர்ந்தனர். கைவிடப்பட்ட பதிவுகள் யாவும் நிலைத்திருப்பனவல்ல. 2009 இல் யாகூ நிறுவனம் தனது ஜியோசிற்றீஸ் சேவையை அமெரிக்காவில் மூடியபோது இலட்சக்கணக்கான தனியார் பக்கங்களுக்கு அங்கு இடமில்லாது போயிற்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது அத்தீயை உலகம் கண்டது. மின்னெழுத்து மறையும்போது புகைகூட எழுவதில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து அச்சு நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவிற் காத்துவருவது பெரும் ஆறுதலாகும். மின்வடிவிலேயே பிறந்த எழுத்துக்கும் அத்தகைய காவல் வேண்டும்.

அற்ப விடயங்களைக் காப்பதாற் பயன் யாது என வினவுவோர் உளர். ஆனந்தரங்கப்பிள்ளை குறித்த ஊர்ப்பேச்சும் அன்று அற்பமே. இன்று அதுவே வரலாற்று மூலம். அதேவேளை, தம் எழுத்தை அழித்துவிட விரும்பும் பதிவரின் உரிமையும் மதிக்கப்படல் வேண்டும். எழுதியவரின் இசைவுடனேயே சேகரிப்பு நடைபெறுதல் முறை. ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் அமைந்துள்ள இக்கரையோரத்தில், கல்முனை முதல் ஆலையடிவேம்பு வரையுள்ள பதிவர்களின் எழுத்தைத் தேடித் தொகுக்கும் பணியை மாணவர் சங்கங்கள் மேற்கொள்ளலாம். அதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. பதிவர் தம் கடவுச்சொல்லை மறந்துவிடுமுன் தொடங்கினாற் போதும்.