படகுக்கு ஒரு வயசு, எஞ்சினுக்கு ஒரு வயசு

தாமிரபரணிக்கும் டீசல் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இருக்கிறது! பொதிகையில் பிறந்து, நெல்லைச் சீமை வயல்களையெல்லாம் நனைத்துவிட்டு, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி வரும் நம் ஆறு புன்னைக்காயல் பக்கம் கடலில் கலக்கிறது. ஆறு முடிகிற அந்த இடத்தில்தான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. (தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது 1986-ல்தான். அதுவரை அந்தக் கரையும் திருநெல்வேலி மாவட்டமே.)

நம்ம ஊரில் கப்பல் என்றதும் நினைவுக்கு வருபவர் வ.உ.சி. 1906-ல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிட்டோம். அவை நீராவிக் கப்பல்கள், எஞ்சினோடே பிறந்தவை. ஆனால் அதே கரையில் எஞ்சின் இல்லாமல் பிறந்து, பிற்பாடு எஞ்சின் ஏற்றிக்கொண்ட தோணிகளும் வள்ளங்களும் உண்டு. அவற்றின் வரலாற்றை எந்தப் பாடத்திலும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. படகில் எஞ்சினை மூன்று விதமாக வைக்கலாம். எஞ்சின் முழுக்கப் படகுக்குள் இருந்து, ஒரு நீண்ட தண்டு அடிப்பலகையைத் துளைத்து வெளியே போய் புரப்பெல்லரைச் சுற்றினால் அது இன்போர்டு. எஞ்சினும் புரப்பெல்லரும் ஒரே துண்டாகப் பின்பக்கம் வெளியே தொங்கினால் அவுட்போர்டு. இரண்டுக்கும் நடுவில் ஒன்று: எஞ்சின் உள்ளே, புரப்பெல்லர் கால் மட்டும் வெளியே, வேண்டும்போது அந்தக் காலைத் தூக்கிக்கொள்ளலாம். இதுதான் ஸ்டெர்ன்டிரைவ். ஸ்வீடனின் வோல்வோ பென்டா 1959-ல் 'அக்வாமாட்டிக்' என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் மெர்குரூசர் 1961-ல் வந்தது. அங்கே அது உல்லாசப் படகுகளுக்கு. நம் கரையில் கதையே வேறு.

தூத்துக்குடித் தோணியை எடுத்துக்கொள்வோம். வரைபடம் இல்லாமல், ஆசாரியின் கண்ணும் கையுமே அளவாகக் கட்டப்பட்ட மரக்கலம். பாய் விரித்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போன இனம். 20-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இவற்றில் எஞ்சின் ஏறியது. வேடிக்கை என்னவென்றால், 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின்படி, பாயை மட்டும் வைத்தே ஓடும் அளவுக்குப் பாய் இருந்தால், எஞ்சின் இருந்தாலும் அது பாய்மரக்கலமாகவே கருதப்பட்டது!

சட்டம் பெயரை மாற்றவில்லை. ஆனால் மரத்துக்கு எல்லாம் மாறிப்போகும். பாய்க்காகக் கட்டிய உடலில் சுமை பரவலாக உட்காரும். எஞ்சினோ மொத்த எடையையும் ஒரே இடத்தில் இறக்கி, நாள் முழுக்க அதிரும். அதற்கு அடியில் நீளமான கனத்த கட்டைகளைப் போட்டு மேடை அமைக்க வேண்டும். தண்டு வெளியே போகும் துளையில் தண்ணீர் ஏறக் கூடாது. எஞ்சினும் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். மரப்படகு கரையில் இருக்கும்போது ஒரு வடிவம், தண்ணீரில் இறங்கியதும் சற்றே வேறு வடிவம். அதனால் கடைசி நேர்பார்ப்பை படகு மிதக்கும்போதுதான் செய்வார்கள். கொஞ்சம் கோணினாலும் பேரிங் தேயும், தண்டு உடையும்.

பழைய உடலில் புது எஞ்சின் வைப்பது எவ்வளவு சிக்கல் என்பதற்குப் பெரிய சாட்சி பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. 1952-ல் இந்தியா, நார்வே, ஐ.நா. சபை மூன்றும் கையெழுத்திட்டு, கொல்லம் அருகே நீண்டகரையில் 1953-ல் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. உள்ளூர்ப் படகுகளில் எஞ்சின் வைப்பது முதல் நோக்கங்களில் ஒன்று. சரிப்படவில்லை. ஒரே மரத்தைக் குடைந்து செய்த வள்ளத்தில் எஞ்சினுக்கு இடமும் இல்லை, அதிர்வைத் தாங்கும் பலமும் இல்லை. கடைசியில் எஞ்சினுக்கு ஏற்ற புதுப் படகுகளையே வடிவமைத்தார்கள். அசையாத புரப்பெல்லர் உள்ள படகை மணலில் இழுத்துப் போட முடியாது, துறைமுகம் வேண்டும். ஆக, எஞ்சினை மாற்றப் போனவர்கள் படகை மாற்றி, கரையையும் மாற்ற வேண்டியதாயிற்று.

கட்டுமரத்துக்கு இது இன்னும் கஷ்டம். கயிற்றால் கட்டிய மரங்கள், நடுவே தண்ணீர் வந்து போகும். அதில் 'உள்ளே' என்று ஒரு இடமே கிடையாதே, இன்போர்டு எங்கே வைப்பது?

இந்தச் சிக்கலுக்கு ஒரு அழகான விடை சென்னையிலிருந்து வந்தது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1979-ல் தொடங்கிய வங்காள விரிகுடா திட்டத்தில், அலையடிக்கும் திறந்த கரையில் ஏறி இறங்கும் படகுகளை வடிவமைத்தார்கள். அதில் பிறந்ததுதான் 'பாப் டிரைவ்'. சிறிய டீசல் எஞ்சினும் தண்டும் புரப்பெல்லரும் ஒரே சட்டத்தில். படகின் துளையில் துருத்தி மாதிரி ஒரு ரப்பர் உறை. கரை நெருங்கியதும் மொத்தத்தையும் சாய்த்தால் புரப்பெல்லர் மேலே வந்துவிடும். ஸ்டெர்ன்டிரைவுக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம்! கன்னியாகுமரி மாவட்டம் முட்டம் போன்ற இடங்களில் ஒட்டுப்பலகைப் படகுகளும் பரவின. அவுட்போர்டு எஞ்சின்களும் வந்து சேர்ந்தன.

சரி, இதில் வணிகவியல் மாணவனுக்கு என்ன வேலை? இங்கேதான் இருக்கிறது.

நம் கரையில் மீன்பிடித் தொழிலில் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். மீன் விற்ற பணத்தில் ஆளுக்குப் பங்கு, படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு. காற்று இலவசம். பாய்க்கு எரிபொருள் செலவு இல்லை. எஞ்சின் வந்ததும் இரண்டு மாற்றங்கள். ஒன்று, எரிபொருள் செலவை முதலில் கழித்துவிட்டு மீதியைப் பிரிப்பது. இரண்டு, எஞ்சினுக்கும் ஒரு பங்கு!

ஒரு உதாரணக் கணக்கு. 10,000 ரூபாய்க்கு மீன். எரிபொருள் 4,000 போனால் மிச்சம் 6,000. இதை ஆறு பங்காக்கி, நாலு ஆட்களுக்கு நாலு, படகும் வலையும் சேர்த்து ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று என்றால் ஆளுக்கு 1,000. எரிபொருள் 7,000 ஆனால் ஆளுக்கு 500. மீன் குறையவில்லை, உழைப்பு குறையவில்லை, கூலி பாதி! கடல் மோசமான நாளில் செலவு அப்படியே நிற்கும், மீன்தான் குறையும். அந்த அடி முதலில் விழுவது கையை மட்டுமே முதலாகக் கொண்டவன் மேல்.

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை ஒன்று சொல்கிறது: ஒரு சொத்தின் முக்கியப் பாகத்துக்கு வேறு ஆயுள் இருந்தால் அதற்குத் தனியாகத் தேய்மானம் போட வேண்டும். வகுப்பில் இதைப் புதுமை மாதிரி படிக்கிறோம். கடற்கரைக்காரர்கள் எஞ்சினுக்குத் தனிப் பங்கு வைத்தபோதே இதைச் செய்துவிட்டார்கள். படகுக்கு ஒரு வயசு, எஞ்சினுக்கு ஒரு வயசு. நன்றாகப் பராமரித்த மர உடல் பல எஞ்சின்களைப் பார்த்துவிடும். ஆனால் எஞ்சின் பங்கை அன்றன்றே செலவழித்துவிட்டால், எஞ்சின் சாகிற நாளில் வியாபாரியிடம் கடன். கடன் கொடுத்தவருக்கே மீனைக் கொடுக்க வேண்டிய கட்டாயம். பிறகு விலையைச் சொல்வது அவர்.

மாற்றும்போது 'இன்னும் பெரிசாப் போடுவோம்' என்ற ஆசையும் வரும். இதற்கு இயற்கையே ஒரு கடிவாளம் வைத்திருக்கிறது. தண்ணீரைக் கிழித்துப் போகும் கனத்த படகின் வேகம் அதன் நீளத்தைப் பொறுத்தது. நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ எத்தனை நாட் வேகம் என்று கிடைக்கும். 25 அடிக்கு 6.7 நாட், 36 அடிக்குச் சுமார் 8. அதற்கு மேல் எவ்வளவு குதிரைத்திறன் போட்டாலும் பெரும்பகுதி அலையாகத்தான் போகும்.

ஆனால் இழுவலை போடும் விசைப்படகுக்கு வேகத்தைவிட இழுக்கும் பலம்தான் முக்கியம். அங்கே குதிரைத்திறன் கூடக்கூட பெரிய வலை, அதிக மீன். பக்கத்துப் படகு மாற்றினால் நாமும் மாற்றியாக வேண்டும். நாட்டுப்படகுக்காரர்களோடு சண்டை வந்து, 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. அதன்படி கரையை ஒட்டிய கடல் பகுதியில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. 2020-ஆம் ஆண்டு விதிகளில் எஞ்சினுக்கு 240 குதிரைத்திறன் என்று உச்சவரம்பும் வந்தது. ஒரு படகில் என்ன எஞ்சின் வைப்பது என்பது அந்தப் படகுக்காரரின் சொந்த விஷயம் இல்லை, கடலைப் பங்கு போடுகிற எல்லாருடைய விஷயம் என்று சட்டமே ஒத்துக்கொண்டது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

2017 முதல் நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையேறி எஞ்சின் பிரித்துப் பார்க்கப்படும் காலமும் அதுதான். அந்த நாட்களில் தூத்துக்குடி பக்கம் போனால் கொஞ்சம் நின்று பாருங்கள். மேலே தொங்கும் எஞ்சினின் விலையை மட்டும் கேட்காதீர்கள். அது எத்தனை பங்கிலிருந்து வந்தது, இன்னும் எத்தனை பங்கைக் கேட்கப் போகிறது என்றும் கேளுங்கள்.